ஞாயிற்று மாலையில் பிறந்த திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தோறும் எங்கள் இல்லத்தின் மேல்தளத்தில் பாய்கள் இடம்பெயரும். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி, தலையணையைத் தோளில் சாய்த்து, வாளிக்குள் சோப்புப் பெட்டியும் கைப்பேசி மின்னூட்டியும் உருண்டு ஒலிக்க, இளைஞர்கள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் குடிபுகுவார்கள். சிறிது நேரம் மாடி நடைவழி திருவிழாத் தெரு போலிருக்கும், பிறகு ஓய்ந்துவிடும். ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் அதைக் கண்டு, "ஏன், எல்லாரும் ஒரே நாள்ல காலி பண்றாங்களா?" என்று திகைத்ததுண்டு.

படப்பையிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் வீடு. கீழே நானும் என் துணைவியாரும். மேலே மூன்று அறைகள். தென்மாவட்டங்களிலிருந்து வந்து சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த இளைஞர்கள் அவற்றில் தங்கியிருந்தனர். தொழிற்சாலையின் நாள் மூன்று பணிமுறைகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. விடியலில் செல்வோர், நண்பகல் கடந்து செல்வோர், இரவில் செல்வோர் என மூவகையினர். வாரந்தோறும் முறை மாறும். தொடக்கத்தில் ஊர்ப்பற்றும் நட்பும் பார்த்து அறைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். அதனால், ஒருவன் களைத்து வந்து கண்ணயரும் வேளையில் அருகே படுத்திருப்பவனின் கைப்பேசி அலறும். பூசல் முற்றிய ஒருநாள் என் துணைவியார் மாடியேறிச் சென்று தீர்ப்புரைத்தார்.

"தோஸ்த்து கீஸ்த்துலாம் வேலைக்கு ஆவாது. ஷிப்டுக்கு ஒரு ரூமு. காலைல போறவன் மொத ரூம்ல, மத்தியானம் போறவன் நடு ரூம்ல, நைட்டு போறவன் கோடி ரூம்ல. ஷிப்டு மாறினா ரூமும் மாறணும். எவன்னா அலாரம் வெச்சான்னு வெச்சுக்கோ, போனைப் புடுங்கி அரிசிப் பானைல போட்ருவேன்."

"அப்ப எங்கள யாரும்மா எழுப்புவா?"

"நான் இன்னாத்துக்குக் கீறேன்?"

அன்று தொடங்கியது அந்த வழக்கம். என் துணைவியார் மணிமங்கலத்தில் பிறந்து, அப்பக்கத்துப் பால்வாடியில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். நண்பகல் உறக்கத்திலிருந்து குழந்தைகளை அழாமல் எழுப்புவதும் அவர் பணியின் ஒரு கூறாக இருந்தது. அந்த நுட்பத்தை அப்படியே மீசை முளைத்தவர்களிடமும் பயன்படுத்தினார். அறைக்குள் நுழைந்து, உள்ளங்காலில் இரு விரல்களால் தட்டுவார். படுத்திருப்பவன் வாய்திறந்து "எந்திரிச்சுட்டேன்மா" என்று சொல்லும்வரை நகரமாட்டார். கைப்பேசி அலாரத்தை உறக்கத்திலேயே விரலால் தடவி அணைத்துவிடலாம். அவரை அவ்வாறு அணைக்க இயலாது. நிறுவனப் பேருந்து சாலைத் திருப்பத்தில் வந்து நிற்பதற்குள் அன்றைய பணிமுறைக்குரியவர் அனைவரும் கீழே இறங்கிவிடுவர். பேருந்தைத் தவறவிட்டவனுக்கு அன்று வருகைப்பதிவு இல்லை என்பதை அவர் தம் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு கார்காலத்தில் அவருக்கு நெஞ்சில் இறுக்கம் கண்டது. மருத்துவமனையிலிருந்து மீண்டபோது, நடக்கலாம், சமைக்கலாம், படியேறுவது மட்டும் ஆகாது என்று மருத்துவர் வரையறுத்திருந்தார். சென்னையில் கணினித் துறையில் பணிபுரியும் எங்கள் மகன், அன்னையைக் கட்டிலில் படுக்கவைத்த கையோடு தன் முடிவைச் சொன்னான்.

"மேல இருக்கறவங்கள காலி பண்ணச் சொல்லுங்கப்பா. வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க. அவங்க மேல இருக்கறவரைக்கும் இவங்க ஏறாம இருக்க மாட்டாங்க."

"டேய், நான் இன்னா பாப்பாவா?" என்றார் துணைவியார். "அந்தப் பசங்க இல்லாத வூட்ல நான் செவுத்தப் பாத்துகினு குந்தணுமா? நீ ஆபீசு போய்டுவ. உன் ப்ளாட்டுல யாரக் கூப்புடுவேன் நானு?"

இறுதியில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. பொங்கல்வரை அவர் படியில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் வீடு பூட்டப்படும். வைக்காவிட்டால் மகன் அப்பேச்சை எடுக்கமாட்டான். அதற்குச் சம்மதம் சொன்ன அவர் குரலில் இருந்த அச்சத்தை நான் முன்னர்க் கேட்டதில்லை. நோய்க்கு அவர் அவ்வாறு அஞ்சவில்லை.

எழுப்பும் பணி எனக்கு வந்தது. நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். முதல்நாள் விடியலில் முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு மேலே சென்று, வாயிலில் நின்று, "தம்பிகளே, பொழுது புலர்ந்துவிட்டது, எழுந்திருங்கள்" என்று பலமுறை உரைத்தேன். ஒருவர்கூட அசையவில்லை. அவர்களுள் நெட்டையானவன், தூத்துக்குடிப் பக்கத்தவன், கைப்பேசி தயாரிக்கும் ஆலையில் சோதனைப் பிரிவில் இருந்தான். அவன் மாலையில் வந்து மெல்லச் சொன்னான்.

"ஐயா, தப்பா நெனைக்காதீக. நீங்க எழுப்புனா கிளாஸ்ல இருக்க மாதிரியே இருக்குய்யா. இன்னும் நல்லா தூக்கம் வருது."

சுவருக்கு அப்பாலிருந்து என் துணைவியார் சிரித்தது எனக்குக் கேட்டது.

ஒலிபெருக்கிகள் எங்கள் கதைக்குள் வந்தது அப்போதுதான். மகன் தன் வீட்டுக்குப் புதியன வாங்கியபோது, பழைய கம்பியில்லா ஒலிபெருக்கிகள் நான்கை ஓர் அட்டைப்பெட்டியில் இட்டு எங்கள் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அவற்றைச் செய்த நிறுவனம் புதிய செயலியை வெளியிட்டபோது அந்தப் பழைய வகையைக் கைவிட்டுவிட்டது. மின்சாரம் கொடுத்தால் சிறுவிளக்கு எரியும். கைப்பேசியோ அவற்றை அறியேன் என்னும். நெட்டையன் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் செருகிப் பார்த்தான்.

"உசுரு இருக்குய்யா. பேச்சுவார்த்தைதான் இல்ல."

இருவரும் இணையத்தில் தேடினோம். அந்த ஒலிபெருக்கிகள் வீட்டு வலையமைப்புக்குள் என்ன மொழியில் செய்தி பரிமாறிக்கொள்கின்றன என்பதை ஆர்வலர் சிலர் கவனித்துக் கண்டறிந்து, பைத்தான் நிரல்மொழியில் ஒரு நூலகமாகத் தொகுத்து, எவரும் படிக்கவும் திருத்தவும் பயன்படுத்தவும் ஏற்றவாறு திறந்துவைத்திருந்தனர். நிறுவனம் கைவிட்டதை முகமறியாதோர் கையிலேந்திக் காத்துவந்தது எனக்கு வியப்பாக இருந்தது. ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தோரின் மரபினர் இவர்கள் என்று தோன்றியது. பைத்தான் எனக்கு முற்றிலும் புதியதன்று. பழைய நிகண்டுகளின் சொற்களை அகரவரிசைப்படுத்தும் பொருட்டு ஓய்வுக்காலத்தில் அதனை ஓரளவு பயின்றிருந்தேன். வரிகளின் தொடக்கத்தை உள்தள்ளி எழுதும் அதன் ஒழுங்கு, யாப்பறிந்தவனுக்கு உவப்பானது. தமிழ் எழுத்துகளாலான பெயர்களையும் அது மறுக்காது ஏற்கும் என்றறிந்தபோது என் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. கண்டறி, எழுப்பு, ஒலிகுறை என்று செயற்கூறுகளுக்குப் பெயரிட்டேன். நெட்டையன் திரையை எட்டிப் பார்த்து, "கோயில் கல்வெட்டு மாதிரி இருக்குய்யா" என்றான்.

முதல் இடர் உடனே வந்தது. நூலகத்தின் தொடக்கக் கட்டளை, வலையமைப்புக்குள் 'யார் யார் இருக்கிறீர்கள்?' என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். ஒலிபெருக்கிகள் தத்தம் பெயரையும் முகவரியையும் சொல்லி விடையிறுக்கும். எங்கள் கூடத்தில் இருந்தது மட்டும் விடையிறுத்தது. மாடியறைகளில் வைத்த மூன்றும் வாய்திறக்கவில்லை. நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தேன், பிழை தென்படவில்லை. இரண்டாம் நாள்தான் நெட்டையன் நெற்றியில் அடித்துக்கொண்டான். இளைஞர்கள் தமக்கென வேறு வைஃபை இணைப்பு வைத்திருந்தனர். மாடி ஒலிபெருக்கிகளை அவன் அதனோடு இணைத்திருந்தான். கீழே கொடுத்த குரல் அந்த வலைக்குள் புகாது. எங்கள் வைஃபை பெட்டியிலிருந்து சன்னல் வழியே ஒரு கம்பியை மேலே ஏற்றி, மாடிப் பெட்டியோடு இணைத்து, இரண்டையும் ஒரே வலையாக்கினோம். மறுமுறை கட்டளையிட்டதும் நான்கு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் நின்றன.

அடுத்தது ஒலிக்கோப்பு. என் கணினியில் அது இருக்கும் இடத்தைச் சுட்டி 'இதை ஒலி' என்றேன். மௌனம். கணினி பாடலை அனுப்புவதில்லை, ஒலிபெருக்கியே வந்து எடுத்துக்கொள்ளும் என்பதும், அது வந்து சேர வலையமைப்பில் ஒரு முகவரி வேண்டும் என்பதும் பின்னரே விளங்கின. முகவரி தந்ததும், கூடத்தில் அடுக்களை வாயிலருகே இருந்த ஒலிபெருக்கி நாகசுரம் பொழிந்தது. வெங்காயம் அரிந்துகொண்டிருந்த துணைவியார் துள்ளி எழுந்தார்.

"இன்னாங்க இது, கல்யாண வூடு மாதிரி? நெஞ்சு வலிக்காரிய வெச்சுகினு இப்டியா பண்ணுவீங்க?"

ஒலியளவைக் குறைக்கும் கட்டளையை அன்றே முதன்மையான கட்டளையாக்கினேன்.

திட்டம் எளிது. துணைவியாரின் குரலைப் பதிந்து வைப்போம். ஒவ்வோர் அறைக்கும் உரிய வேளையில் நிரல் தானே அதனை ஒலிக்கச் செய்யும். கை எட்டாத பரண்மேல் ஒலிபெருக்கிகளை வைத்தோம். எழுந்தவர்கள் மாடிக் கைப்பிடிச் சுவரருகே வந்து உரக்க விடைசொல்ல வேண்டும். கணினிக்கு நான் ஒரு வாரக்குறிப்பு எழுதினேன்: திங்கள் முதல் சனிவரை மூன்று அறைகளிலும் அழைப்பு, ஞாயிறு விடுமுறை, அழைப்பில்லை.

பதிவு செய்வதற்கு அவர் புடைவை மாற்றிக்கொண்டு வந்து அமர்ந்தார். "ஏந்துருங்கப்பா, பஸ்ஸு வந்துடும்" என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன். கைப்பேசியை வாயருகே கொண்டுசென்றவர் என்னை முறைத்தார்.

"எதுர்ல ஆளு இல்லாம யாரத் திட்றது?"

நெட்டையன் எதிரே தரையில் படுத்து, கண்களை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினான். அதன்பின் பதிவு மிக நன்றாக அமைந்தது.

சில நாட்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. விடியலில் கூடத்து நாற்காலியில் அவர் அமர்ந்திருப்பார், மேலே அவர் குரல் எழும், "எந்திரிச்சாச்சும்மா!" என்ற விடைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழும். யார் குரல் வந்தது, யார் குரல் வரவில்லை என்று விரல்மடக்கிக்கொண்டிருப்பார். ஆனால் முகத்தில் நிறைவில்லை.

"தெனம் ஒரே பேச்சு. நேத்து மழை, இன்னிக்கு வெயிலு. அதுக்கு ஒண்ணும் தெரியல. நான் பேசாத பேச்ச நானே கேட்டுகினு குந்திகினு கீறேன்."

பொறுத்திருக்குமாறு வேண்டினேன். படியில் அவர் கால் படவில்லை. வீடு தப்பிவிட்டது என்றே எண்ணினேன்.

நிரல் இயங்கத் தொடங்கியபின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மார்கழியில், மகன் நேரில் கண்டறிய வந்தான். நண்பகலுணவு முடிந்தது, மேலே பாய்கள் இடம்பெயர்ந்தன. அவ்வாரம் கோடியறைக்கு மாறியவர்களில் மற்றவர் பொங்கலுக்கு முன்னதாகவே விடுப்பில் ஊர் சென்றிருந்தமையால், சிவகங்கைப் பக்கத்து இளைஞன் ஒருவன் மட்டுமே அங்கே பாய் விரித்தான். வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவன். உறக்கத்தில் அவனை விஞ்சுவார் எங்கள் மாடியில் எக்காலத்தும் இருந்ததில்லை. உணவுண்டவுடன் படுத்துவிட்டான்.

கூடத்தில் அமர்ந்து மகனுக்கு நிரலைக் காட்டினேன். தமிழ்ப் பெயர்களைக் கண்டு நகைத்தான். எனினும் வரிவரியாகப் படித்தான். மாடியில் மென்மையாக இசை ஒலிக்கச் செய்து, அதனை நிறுத்தி, அன்னையின் குரலை இடையிட்டு, மீண்டும் இசையை விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்து காட்டினேன். ஒலிபெருக்கியின் நிலையை நினைவில் வைத்து, இடையூறு முடிந்ததும் மீட்டுத்தரும் அந்த வசதி நூலகத்திலேயே இருந்தது.

"நல்லாதான்பா இருக்கு," என்றான். "அம்மா ஏறலன்னா எனக்கு ஓகே."

துணைவியார் தேநீர்க் குவளைகளோடு வந்தார். வெளியே வெயில் சாய்ந்து, எதிர்மனையின் முருங்கைமேல் சிவப்பு படர்ந்திருந்தது. குவளையை மேசைமேல் வைத்தவர் மாடியை நோக்கிச் செவிசாய்த்தார்.

"இன்னும் கூப்டலியே?"

"யாரை?"

"கோடி ரூம்காரன."

"இன்று ஞாயிறு அல்லவா? விடுமுறை. நிரலில் அவ்வாறே குறித்திருக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

"நைட்டு ஷிப்டுக்கு ஞாயித்துக்கெழம சாய்ங்காலமே திங்கக்கெழம பொறந்துடுங்க! இன்னிக்கு ராத்திரி போனாத்தான் நாளைக்குக் கணக்கு. பஸ்ஸு வர்ற நேரங்க!"

மடிக்கணினியை நான் என்பக்கம் திருப்புவதற்குள் அவர் கூடத்தில் இல்லை. நாள் என்பது கதிரவன் உதிக்கும்போது தொடங்கும் என்பது பஞ்சாங்கம். நள்ளிரவில் தொடங்கும் என்பது கணினி. இவ்விரண்டையும் நான் அறிவேன். தொழிற்சாலையின் திங்கட்கிழமை ஞாயிற்று மாலை விளக்கேற்றும் வேளையிலேயே புறப்பட்டுவிடும் என்பதை மாடியில் இருந்த அனைவரும் அறிந்திருந்தார்கள். எல்லோரும் அறிந்த செய்தி என்பதனாலேயே ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டியதொன்று என்று அவர்களுக்குத் தோன்றியுமிராது.

நாங்கள் ஓடிச்சென்றபோது அவர் மாடிப்படியின் நடுவில் அமர்ந்திருந்தார். ஒரு கை கம்பியில். மற்றொரு கை மார்பில். மூச்சு ஏறி இறங்கியது. மகன் முகம் வெளுத்து அவர் அருகே மண்டியிட்டான்.

"அம்மா! எதுக்கும்மா ஏறுன? சொன்னேன்ல? மாத்திர எங்க?"

அவர் அவன் கையைத் தள்ளி மேலே சுட்டினார்.

"மாத்திர அப்பா குடுப்பாரு. நீ போய் அவன எழுப்பு."

"அம்மா, நீ மொதல்ல..."

"எழுப்புடா! புதுசா சேர்ந்த புள்ள. காலு... காலுல தட்டு. வாயத் தொறந்து சொன்னாத்தான் வரணும் நீ."

மாத்திரையை அவர் நாவின்கீழ் வைத்தேன். மகன் ஒரு கணம் நின்றான். பிறகு படிகளில் தாவி மேலேறினான். அந்த அறைகளைக் காலிசெய்ய வேண்டும் என்றவன் அவற்றுள் ஒன்றில் காலடி வைத்தது அன்றுதான் முதன்முறை. கதவு திறக்கும் ஓசை கேட்டது. "ஹலோ, பாஸ்" என்றான். விடையில்லை. "பிரதர்" என்றான். விடையில்லை. பிறகு இரு விரல்களால் உள்ளங்காலைத் தட்டியிருக்க வேண்டும். ஏனெனில், உறக்கம் கலையாத, குழந்தைத்தனமான குரலொன்று எழுந்தது.

"எந்திரிச்சுட்டேன்மா..."

படியில் அமர்ந்திருந்த என் துணைவியாரின் தோள்கள் தளர்ந்தன. மூச்சு சீராகத் தொடங்கியது. சிரித்தார்.

"பாத்தீங்களா, இவன அம்மான்றான்."

சாலைத் திருப்பத்தில் பேருந்து ஊதிவிட்டுக் கிளம்பிச்செல்லும் ஒலி அப்போது கேட்டது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கிவந்த இளைஞன் படியில் அமர்ந்திருந்த அவரைக் கண்டு திகைத்து நின்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, எனக்காகவா ஏறுனீங்க? நான் லீவு போட்டுக்கிறேன்மா, நீங்க..."

"லீவு போட்டன்னா வூட்டுக்குள்ளயே வரக்கூடாது நீ. ஓடு. டேய் கண்ணு, வண்டிய எடுடா, ஒரகடம் கூட்ரோட்டாண்ட பஸ்ஸப் புடிச்சுடலாம்."

மகன் என்னைப் பார்த்தான். பிறகு சாவியை எடுத்தான். சீருந்து புழுதி கிளப்பிச் சென்றது. துணைவியாரைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துவந்து அமரவைத்தேன். வலி தணிந்துவிட்டது என்றார். ஆனால் சீருந்து திரும்பும் ஒலிக்காக அவர் செவிகள் காத்திருந்ததையும், அவ்வொலியோடு வீட்டைப் பூட்டும் தீர்ப்பும் வரும் என்று அஞ்சியதையும் நான் அறிந்தேன். நானும் அதையே அஞ்சினேன். ஊதுவத்தி ஏற்றிவைத்துவிட்டு வெளிவாயிலைப் பார்த்து நின்றேன்.

மகன் வந்தான். அன்னையின் நாற்காலிக்கு அருகே தரையில் அமர்ந்தான்.

"புடிச்சாச்சா?"

"புடிச்சாச்சு. காருல உக்காந்த ரெண்டாவது நிமிஷம் தூங்கிட்டான்மா. பஸ்ஸாண்ட போய் மறுபடியும் கால்ல தட்டி எழுப்புனேன்."

"சொன்னானா?"

"இன்னா?"

"எந்திரிச்சுட்டேன்னு."

"சொன்னான்மா. இந்த தபா 'அண்ணா'ன்னான்."

இருவரும் சிரித்தனர். பின்னர் மகன் மெதுவாகச் சொன்னான்.

"நீ படியில ஏறிட்டம்மா."

"ஏறிட்டேன்," என்றார். அவர் தமக்காக வாதாடவில்லை. "பாதிதான் ஏறுனேன்."

அவன் தலையைக் குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்காலைத் தட்டிய விரல்கள்.

"அப்பாவோட கோடுல ஒரு லைன்தாம்மா தப்பு. சண்டேயச் சேத்துட்டா சரியாயிடும்."

"ஞாயித்துக்கெழமயச் சேப்பீங்க. அப்பறம் எவனுக்குனா ஓவர்டைம் வரும், நாலு மணி நேரம் லேட்டு. ஒருத்தன் ஜொரத்துல படுத்துகினு கீறான், அவன எழுப்பக் கூடாது. இதெல்லாம் அந்தப் பொட்டிக்கு யாரு சொல்றது? கெழம, மணி எல்லாம் அதுக்கு இன்னாத்துக்கு? அதுக்கு நான் கீறேன். என் வாய மட்டும் மேல தூக்கிகினு போவட்டும். அது போதும்."

மகன் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தான். நாங்கள் இருவரும் மடிக்கணினியின் முன் அமர்ந்தோம். தந்தையும் மகனும் ஒரே திரையை நோக்கி அமர்ந்தது அவனுடைய பள்ளிப் பருவத்துக்குப் பின் அன்றுதான். வாரக்குறிப்பு முழுவதையும் எடுத்துவிட்டோம். அவருடைய பழைய கைப்பேசியில் ஒரு பக்கம் அமைத்தோம். அதில் அறைக்கொன்றாக மூன்று பொத்தான்கள். அழுத்திப் பேசி, மீண்டும் அழுத்தினால், அந்நேரத்துப் பேச்சு அந்த அறைக்குச் செல்லும். அங்கு ஏதேனும் பாடல் ஒலித்துக்கொண்டிருந்தால் அது நின்று, வழிவிட்டு, பிறகு தொடரும். செயற்கூறுகளுக்கு ஆங்கிலப் பெயரிட முனைந்த மகன், என் முகத்தைக் கண்டு, தானே தட்டுத்தடுமாறித் தமிழில் தட்டினான். ஒரு பெயரை மட்டும் அவனே இட்டான்: 'அம்மாகுரல்'.

புறப்படும்போது வாயிலில் நின்று சொன்னான்.

"இனிமே படி ஏறக் கூடாது. அவ்ளோதான் நான் சொல்றது. வேற ஒண்ணும் சொல்லல."

வேறொன்றும் அவன் சொல்லவில்லை. பொங்கலுக்கும் சொல்லவில்லை, அதன் பின்னரும் சொல்லவில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளை எண்ணும்போது எனக்கு முதலில் ஒலிகளே நினைவுக்கு வருகின்றன. விடியற்பனியில், "மொத ரூமு, குளுருதுன்னு சுருண்டுக்காதீங்க, வெந்நி போட்டு வெச்சிகிறேன்" என்னும் குரல். நண்பகலில், "நடு ரூமு, ரசம் மிஞ்சிப் போச்சு, கிண்ணத்தோட வாங்க" என்பது. மாலையில் கோடியறைக்கு மட்டும், மற்ற அறைகளுக்குச் செல்லாத தாழ்ந்த குரலில், இரவுப்பணிக்குரிய பரிவோடு ஓர் அழைப்பு. பாட்டு பாதியில் நிற்கும், அவர் பேசுவார், பாட்டு தொடரும். பாடலின் எந்த அடியில் அவர் இடைபுகுவார் என்று இளைஞர்கள் தமக்குள் பந்தயம் கட்டுவதாகக் கேள்விப்பட்டேன்.

ஒருமுறை நடுவறைப் பொத்தானை அழுத்திப் பேசியவர் மீண்டும் அழுத்த மறந்துவிட்டார். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் பேசத் தொடங்கினார்.

"அந்த நெட்டையன் இப்போலாம் குளிக்கறப்போ பாடறான்ங்க. எவளோ ஒருத்தி கீறா. போன வாரம் புதுச் சட்ட. மாடி மூலைல நின்னுகினு ஒரு மணி நேரம் போன்ல குசுகுசுன்னு..."

பிறகு நினைவு வந்து பொத்தானை அழுத்தினார். பேச்சு முழுவதும் மேலே சென்றது. சற்று நேரம் மேல்தளம் அதிர்ந்தது. சிரிப்பொலிக்கு நடுவே கைப்பிடிச் சுவரின்மேல் நெட்டையனின் தலை தோன்றியது.

"அம்மா, கேட்டுச்சும்மா! எல்லாப் பயலுவளுக்கும் கேட்டுச்சு!"

"கேக்கட்டும்! எந்த ஊருப் பொண்ணுடா?"

"ஆறுமுகநேரிம்மா," என்றான் வெட்கத்தோடு. அப்பெண்ணையே மணந்து, குன்றத்தூரில் இப்போது குடியிருக்கிறான்.

ஒவ்வொருவராகச் சென்றனர். சிலர் ஊர் திரும்பினர். சிலர் மணமுடித்துத் தனிவீடு பார்த்தனர். வல்லம் பக்கத்தில் எழுந்த பெரிய தங்குவிடுதிகளுக்குச் சிலர் மாறினர். இப்போது மேலே இருப்பவர்கள் புதியவர்கள். கைக்கடிகாரமே மணிக்கட்டில் அதிர்ந்து அவர்களை எழுப்பிவிடுகிறது. அருகிலிருப்பவனுக்கு ஓசை கேட்பதில்லை. ஆகவே அறை மாறும் வழக்கமும் அற்றுப்போயிற்று. ஞாயிற்றுப் பிற்பகலில் எந்தப் பாயும் நகர்வதில்லை. பரண்மேல் ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. நிரலும் என் கணினியில் இயங்கிக்கொண்டிருக்கிறது. துணைவியார் அதனைச் சாம்பார் மிஞ்சியதை அறிவிப்பதற்கும், மழை வருகிறது, துணி எடுங்கள் என்பதற்கும் பயன்படுத்துகிறார். அவர் நலமாக இருக்கிறார். படியேறுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், முருங்கைமேல் சிவப்பு படரும் வேளையில், அவர் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் அமர்கிறார். கோடியறைப் பொத்தானை அழுத்துவதில்லை. அங்கே இப்போது எழுப்பவேண்டியவர் எவருமில்லை. சில வாரங்களில் சற்று நேரத்தில் அழைப்பு வரும். சிவகங்கைக்காரன் இப்போது அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். மனைவியோடும் குழந்தையோடும் மறைமலை நகரில் இருக்கிறான். இரவுப்பணி வாரங்களில் பிற்பகல் உறக்கத்திலிருந்து மனைவி எழுப்பியதும் அவன் செய்யும் முதல் வேலை அதுதான். துணைவியார் கைப்பேசியின் ஒலிபெருக்கியை இயக்கியே பேசுவார் என்பதால் எனக்கும் கேட்கும்.

"அம்மா, திங்கக்கெழம பொறந்துருச்சா?"

"பொறந்து அரை அவராவுது. ஏந்துட்டியா, இல்ல படுத்துகினே பேசறியா?"

எதிர்முனையில் பாய் சரசரக்கும் ஓசை கேட்கும்.

"எந்திரிச்சுட்டேன்மா."